மினியாபொலிசில் சோமாலியப் பெண்கள் கடை வைத்த வழி: புதிதாக வருவோர்க்கு ஒரு வழிகாட்டி

மினியாபொலிஸ் நகரில் லேக் தெருவை ஒட்டிய பில்ஸ்பரி அவென்யூவில், சோமாலியர்கள் ‘சூக்கா கார்மெல்’ என்று அழைக்கும் அங்காடி இருக்கிறது. சூக் என்றால் சந்தை. குறுகலான நடைகளின் இருபுறமும் சிறுசிறு கடைகள். திராக் என்னும் மெல்லிய நீள அங்கி, பாத்தி என்னும் வீட்டு உடை, கர்பசார் என்னும் மேற்போர்வை, ஊன்சி என்னும் நறும்புகைப் பொருள், மருதாணி, தங்க நகை, திரைச்சீலை என்று கூரை தொடும்வரை சரக்கு அடுக்கியிருக்கும். அக்கடைகளில் பலவற்றை நடத்துபவர்கள் பெண்கள். 1991 சனவரியில் சியாத் பாரேயின் அரசு வீழ்ந்து உள்நாட்டுப் போர் சோமாலியாவைச் சிதைத்த பின், கென்யாவின் அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, ஆங்கிலம் அறியாமல், உறைபனி கொட்டும் மினசோட்டாவுக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். அல்லது அவர்களுடைய மகள்கள். இன்று இம்மாநிலத்தில் சோமாலிய வம்சாவளியினர் 80,000-க்கும் மேல் வாழ்கிறார்கள்.

கைம்முதலும் மொழியும் போதாத நிலையில் அமெரிக்காவில் ஒரு பெண் எப்படித் தொழில் தொடங்குவது என்று என்னிடம் கேட்கும் தமிழ்ப் பெண்களுக்கு நான் இவர்கள் நடந்த வழியையே சொல்லி வருகிறேன். நூலகத்தின் ஆங்கில உரையாடல் வட்டத்தில் தன்னார்வலராக இருந்த ஆண்டுகளில் இப்பெண்களிடம் நான் கற்றது, நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததைவிட அதிகம். கடைக்கு முன்பே ஒருவரையொருவர் நம்பும் பெண்களின் வட்டம் ஒன்றை அவர்கள் கட்டியெழுப்பினார்கள். அந்த நம்பிக்கையே அவர்களுடைய முதலீடாயிற்று. ஆனால் அந்த நம்பிக்கையை இந்நாட்டின் தாள்களில் எழுதிவைத்தவர்கள் நிலைத்தார்கள், எழுதிவைக்காதவர்களில் பலர் இழந்தார்கள். கீழே உள்ள படிகள் இந்த இரண்டு பாடங்களையும் சேர்த்து வரிசைப்படுத்துகின்றன. சட்டங்களும் தொகைகளும் மினசோட்டா மாநிலத்துக்கு உரியவை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் வரிசையை எடுத்துக்கொண்டு, விதிகளைத் தங்கள் மாநிலத்தில் கேட்டறிய வேண்டும்.

முதல் படி: தொழில் செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்

அகதியாக அனுமதி பெற்று வந்தவருக்கு வந்த நாளிலிருந்தே வேலை செய்யவும் சொந்தத் தொழில் நடத்தவும் உரிமை உண்டு. ஓராண்டு முடிந்ததும் அவர் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைக்கும்போது வந்த நாளிலிருந்தே கணக்கிடப்படுவதால், வந்து ஐந்தாண்டு ஆனதும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இங்கே வந்தபின் தஞ்சம் கோரியவரின் நிலை வேறு; அவர் வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். 2025 சனவரிக்குப் பின் அகதிகள் சேர்க்கை பெருமளவு நிறுத்தப்பட்டு, குடியேற்ற விதிகள் அடிக்கடி மாறி வருவதால், தெரிந்தவர் சொன்னார் என்பதை மட்டும் நம்பி எந்த அடியும் எடுத்துவைக்கக் கூடாது.

தமிழ்ப் பெண்களில் பலர் கணவரின் எச்-1பி விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வருவதால் அவர்களுக்கென ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எச்-4 விசா வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால் 2015 முதல் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டை இருந்தால் சொந்தத் தொழிலும் செய்யலாம். அட்டை இல்லாமல் வீட்டிலிருந்து முறுக்கு விற்பதும், சேலைக் கண்காட்சி நடத்திப் பணம் வாங்குவதும் அனுமதியில்லாத வேலையாகவே கொள்ளப்படும். குடும்பத்தின் பிற்கால விண்ணப்பங்களை அது பாதிக்கக்கூடும். இதைப் பலர் மிக எளிதாக எடுத்துக்கொள்வதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஆலோசனைக்கு வழக்கறிஞரிடமோ, நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியிடமோ மட்டும் செல்லுங்கள். செயின்ட் பால் நகரில் உள்ள மினசோட்டா குடியேற்றச் சட்ட மையம் வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமின்றி உதவுகிறது. படிவம் நிரப்பித் தருகிறேன் என்று கடைத்தெருவில் மேசை போட்டிருப்பவர் நம் மொழி பேசுபவராகவே இருந்தாலும், அவருக்கு அந்த அங்கீகாரம் இல்லையென்றால் உங்கள் கடவுச்சீட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: கடைக்கு முன்னால் வட்டத்தைச் சேருங்கள்

சீடர்-ரிவர்சைட் பகுதியில் 1973-இல் கட்டி முடிக்கப்பட்ட ரிவர்சைட் பிளாசா என்னும் உயரமான குடியிருப்பில் ஏறத்தாழ 1,300 வீடுகள் இருக்கின்றன. சோமாலியக் குடும்பங்கள் இங்கே நெருங்கி வாழத் தொடங்கிய காலத்தில், ஒரே மாடியில் ஒருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இரவு வேலைக்குச் செல்வதும், ஆங்கிலம் படித்த மகள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக மருத்துவமனைக்குத் துணை போவதும் வழக்கமாயின. குழந்தை பெற்ற பெண்ணை நாற்பது நாள் வீட்டில் வைத்துப் பேணி, நாற்பதாம் நாள் ‘அஃபர்தன் பஹ்’ என்று விருந்து வைத்து வெளியே அழைத்துவரும் சோமாலிய வழக்கம் புதிய நாட்டிலும் விடாமல் தொடர்ந்தது. அந்த நாற்பது நாட்களில் சமைத்துக் கொண்டுவந்த பெண்களே பின்னாளில் கடைக்கு முதல் வாடிக்கையாளர்களாகவும் சீட்டில் பங்காளிகளாகவும் ஆனார்கள்.

நீங்கள் புதியவராக வரும்போது இத்தகைய வட்டத்துக்குள் நுழைவது எப்படி? உதவி கேட்டு நுழைவதைவிட உதவி செய்து நுழைவது எளிது. கார் ஓட்டத் தெரிந்தவர் ஓட்டத் தெரியாதவரைக் கடைக்கு அழைத்துச் செல்லலாம். தையல் தெரிந்தவர் பள்ளி உடையைச் சுருக்கித் தரலாம். கணக்குத் தெரிந்தவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தரலாம். மூத்த பெண்களை உறவுமுறை சொல்லி அழைப்பது சோமாலியரிடமும் மரபு. தாயின் தங்கையை அவர்கள் ‘ஹபர்யர்’ என்கிறார்கள். அதன் பொருள் சின்னத் தாய் என்பதே. சித்தியைச் சின்னம்மா என்று அழைத்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் ஒட்டிக்கொள்கிறது. அங்காடியில் ஆண்டுகளைக் கழித்த ஒரு ஹபர்யர், எந்த மாதம் எந்தத் துணி விற்கும், யாரிடம் கடன் கொடுக்கக் கூடாது, எந்தக் கட்டட உரிமையாளர் குளிர்காலத்தில் வெப்பமூட்டியைச் சரிசெய்யத் தாமதிப்பார் என்பதையெல்லாம் ஒரு கோப்பைத் தேநீருக்குள் சொல்லிவிடுவார். ஏலமும் பட்டையும் இட்ட அந்தச் ‘ஷா’ நம் மசாலாத் தேநீருக்கு நெருங்கிய உறவு.

வட்டம் உங்கள் மொழிக்காரரோடு மட்டும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹென்னபின் மாவட்ட நூலகங்களில் ஆங்கில உரையாடல் வட்டங்கள் கட்டணமின்றி நடக்கின்றன. பிராங்க்ளின் நூலகத்தில் உள்ள கற்றல் மையத்தில் பெரியவர்களுக்குத் தனித்தனியே கற்றுத் தருகிறார்கள். வணிகத்துக்குத் தேவையான ஆங்கிலம் இலக்கண ஆங்கிலத்தைவிடச் சிறியது: விலை, அளவு, திருப்பித் தரும் விதி, கால அவகாசம் கேட்பது, ‘எழுதித் தாருங்கள்’ என்று சொல்வது. இந்த ஐந்தையும் தயங்காமல் பேசப் பழகினால் பாதிக் கடை திறந்த மாதிரிதான்.

மூன்றாம் படி: சீட்டுப் பிடியுங்கள், ஆனால் எழுதிப் பிடியுங்கள்

சோமாலியப் பெண்களின் கடைகளில் பலவற்றுக்கு முதல் போட்டது வங்கி அன்று, ‘அயூத்தோ’ என்னும் சீட்டு. உதவி என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தெற்குச் சோமாலியா இத்தாலியர் ஆட்சியில் இருந்த காலத்தின் எச்சம். ‘ஹக்பத்’ என்ற பெயரும் உண்டு. இதே முறையைக் கானாவில் சுசு என்றும், எத்தியோப்பியாவில் எக்குப் என்றும், பிரெஞ்சு பேசும் மேற்கு ஆப்பிரிக்காவில் தோன்தீன் என்றும், தென்னாப்பிரிக்காவில் ஸ்டோக்வெல் என்றும் சொல்கிறார்கள். பத்துப் பெண்கள் மாதம் 500 டாலர் போட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருவர் கையில் 5,000 டாலர் மொத்தமாக வரும்; பத்து மாதத்தில் எல்லோருக்கும் வந்துவிடும். நம் குலுக்கல் சீட்டைப் போன்றதுதான். ஏலச்சீட்டில் அவசரக்காரர் தள்ளுபடிக்கு எடுப்பதும், மற்றவர்கள் அந்தத் தள்ளுபடியைப் பிரித்துக்கொள்வதும் இதில் இல்லை. போட்டது போட்டபடி திரும்பும் என்பதால், வட்டியை விலக்கும் இசுலாமிய நெறிக்கும் அது பொருந்துகிறது.

யாருக்கு முதல் மாதம் என்பதைக் குலுக்கியும் தீர்மானிப்பார்கள், தேவை பார்த்தும் தீர்மானிப்பார்கள். கடைக்கு முன்பணம் கட்ட வேண்டியவருக்காக, வரிசையில் முன்னால் இருப்பவர் தம் இடத்தை விட்டுக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த விட்டுக்கொடுத்தலுக்கு எந்தத் தாளும் இல்லை, எல்லோருக்கும் நினைவு இருந்தது. ஆயினும் நினைவை மட்டும் நம்பிச் சீட்டு நடத்தாதீர்கள். உறுப்பினர் பெயர், தொகை, தேதி, வரிசை, ஒருவர் தவறினால் யார் பொறுப்பு ஆகிய ஐந்தையும் ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முதன்முறை சேருபவர் வரிசையின் முற்பகுதியைக் கேட்பது முறையன்று. பிற்பகுதியில் இருந்து ஒரு சுற்றை ஒழுங்காகக் கட்டி முடித்தால், அடுத்த சுற்றில் உங்கள் சொல்லுக்கு எடை வந்துவிடும். ஓராண்டுக்கு மேல் நீளும் சீட்டைத் தவிருங்கள். வேலை போவதும், ஊர் மாறுவதும், ஊரில் யாரேனும் இறந்து பணம் அனுப்ப நேர்வதும் புதியவர் வாழ்வில் அடிக்கடி நடப்பவை.

சீட்டுப் பணம் ரொக்கமாகக் கைக்கு வரும்போது பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. 10,000 டாலருக்கு மேல் ரொக்கமாக வங்கியில் செலுத்தினால், வங்கி அதை அரசுக்கு அறிக்கையாக அனுப்பும். அந்த அறிக்கை குற்றச்சாட்டு ஆகாது; வழக்கமான நடைமுறைதான். ஆனால் அறிக்கைக்குப் பயந்து 12,000 டாலரை ஆறாயிரம் ஆறாயிரமாகப் பிரித்துச் செலுத்துவது, பணம் நேர்மையான பணமாக இருந்தாலும், சட்டப்படி குற்றம். ஒரே தடவையில் முழுவதையும் செலுத்தி, கேட்டால் காட்டுவதற்குச் சீட்டுத் தாளைக் கையில் வைத்திருங்கள். அந்தக் கையெழுத்துப் பக்கம் இங்கேதான் உதவுகிறது.

சீட்டின் இன்னொரு குறை, அதை எவ்வளவு நேர்மையாகக் கட்டினாலும் அமெரிக்கக் கடன் நிறுவனங்களின் கண்ணுக்கு அது தெரியாது என்பது. பதினைந்து ஆண்டு ஒரு மாதம்கூடத் தவறாமல் சீட்டுக் கட்டிய பெண்ணுக்கு, கடனை ஒருவர் எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறார் என்று காட்டும் கடன் மதிப்பெண் இல்லாததால் வங்கி வாசலில் மதிப்பில்லாமல் போகிறது. சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் அசெட் ஃபண்ட் என்னும் அமைப்பு, இத்தகைய சீட்டுகளை வட்டியில்லாக் கடனாக எழுதி, தவணை கட்டுவதைக் கடன் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கும் முறையை உருவாக்கி நடத்துகிறது. அது கிடைக்காத இடத்தில், வைப்புத்தொகை கட்டிப் பெறும் சிறு கடன் அட்டை ஒன்றை எடுத்து, மாதம் முப்பது நாற்பது டாலருக்குப் பெட்ரோல் போட்டு, கெடுவுக்குள் முழுத்தொகையையும் கட்டிவாருங்கள். முழுவதையும் கட்டினால் வட்டி பிறக்காது. ஓராண்டில் உங்களுக்கென ஒரு மதிப்பெண் இருக்கும்.

நான்காம் படி: உரிமம் குறைவாகக் கேட்கும் தொழிலில் தொடங்குங்கள்

தலைமுடி பின்னுதல் ஆப்பிரிக்கப் பெண்களுக்குக் கையோடு வந்த கலை. மினசோட்டாவில் ஒரு காலத்தில் அதற்கு 30 மணி நேரப் பயிற்சியும் பதிவும் தேவைப்பட்டன. அந்தப் பயிற்சியில் பின்னல் பற்றிப் பின்னல்காரருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று வாதாடியதன் பயனாக, 2019-இல் வந்த சட்டம் பின்னல் தொழிலை அந்தப் பதிவிலிருந்து விடுவித்தது. முடி வெட்டுதல், சாயமேற்றுதல், வேதிப்பொருளிட்டு நேராக்குதல் ஆகியவற்றுக்கு உரிமம் இன்றும் வேண்டும்.

உணவுத் தொழிலில் கோடு மிகக் கூர்மையானது. வீட்டுச் சமையலறையில் செய்து விற்பதற்கு 2015-இல் வந்த மாநிலச் சட்டம், குளிர்பதனம் இல்லாமல் கெடாத பொருள்களை மட்டும் அனுமதிக்கிறது: பிஸ்கட், ரொட்டி, ஜாம், முறையாகச் செய்த ஊறுகாய் போன்றவை. வேளாண்மைத் துறையில் பெயர் பதிந்து, பயிற்சி முடித்து, நேரடியாக நுகர்வோருக்கே விற்க வேண்டும். கடைக்காரரிடம் கொடுத்து விற்கச் சொல்லக் கூடாது. 2021-இல் இதன் ஆண்டு விற்பனை வரம்பு 18,000 டாலரிலிருந்து 78,000 டாலராக உயர்ந்தது. சேர்பொருள்களையும், இது வீட்டில் செய்தது, அரசின் ஆய்வுக்கு உட்பட்டதன்று என்ற வாசகத்தையும் பொட்டலத்தின் மீது ஒட்ட வேண்டும். சோமாலியர் நோன்பு திறக்கும்போது உண்ணும் சம்பூசாவை இறைச்சி வைத்துச் செய்தால், நம் சமோசாவின் உடன்பிறப்பான அது இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு உரிமம் பெற்ற சமையற்கூடம் வேண்டும். சொந்தமாகக் கட்ட முடியாதவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பொதுச் சமையற்கூடத்தை எடுக்கிறார்கள்; புதியவருக்கு அதுவே நல்லது. ரமலான் மாதத்தில் மட்டும் கூடத்தை எடுத்து, விற்பனை எப்படிப் போகிறது என்று பார்த்து, பிறகு நீட்டிக்கலாம்.

குழந்தைக் காப்பகம் மூன்றாவது வழி. உறவினரின் குழந்தைகளையும், உறவல்லாத ஒரே ஒரு குடும்பத்தின் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. இரண்டாவது குடும்பம் வந்தால் தேவை. உரிமம் பெற்ற வீட்டுக் காப்பகம் பொதுவாகப் பத்துக் குழந்தைகள் வரை ஏற்கலாம். பின்னணிச் சோதனை, பயிற்சி, வீட்டுச் சோதனை என்று மாதங்கள் ஆகும். வருமானம் நிலையானதுதான், ஆனால் வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் விட்டாலும் அரசு உதவித்தொகை நின்றுபோகலாம். எழுத்து வேலையில் பொறுமை இல்லாதவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

துணி வணிகம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிறிதாக வாங்கி, வீட்டிலும் திருமண மண்டபத்திலும் விற்று, எது நகர்கிறது என்று அறிந்தபின் கடை எடுங்கள்.

ஐந்தாம் படி: பதிவும் வரியும்

உங்கள் முழுப்பெயரிலேயே தொழில் நடத்தினால் பெயர்ப் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் மாநிலச் செயலர் அலுவலகத்தில் பதிந்து, சட்ட அறிவிப்புகள் வெளியிடும் செய்தித்தாளில் இரண்டு முறை விளம்பரம் செய்ய வேண்டும். கடனோ விபத்தோ நேர்ந்தால் வீட்டுச் சொத்தைக் காக்க எல்.எல்.சி. என்னும் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனமாகப் பதிவது நல்லது. இணையத்தில் பதிய 155 டாலர். நிறுவனத்துக்கான வரி எண்ணை மத்திய வருவாய்த் துறை கட்டணமின்றித் தருகிறது. அதை வாங்கித் தருவதாக நூறு டாலர் கேட்கும் இணையத்தளங்களுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

விற்பனை வரி மாநிலத்துக்கு 6.875 விழுக்காடு, நகர வரி அதற்கு மேல். மினசோட்டாவில் உடைக்கு விற்பனை வரி இல்லை என்பது துணிக்கடை வைப்போருக்கு நல்ல செய்தி. ஆகவே அதே கடையில் திராக்குக்கும் கர்பசாருக்கும் வரி வாங்கக் கூடாது. கைப்பை, நகை, நறுமணத் தைலம், ஊன்சி ஆகியவற்றுக்கு வாங்கியாக வேண்டும். மளிகைக்கு வரி இல்லை, சமைத்த உணவுக்கு உண்டு. பில் போடும் கருவியில் இந்தப் பிரிவினையை முதல் நாளே பதிந்துவிடுங்கள். வாங்கிய விற்பனை வரி உங்கள் பணமன்று. தனிக் கணக்கில் வையுங்கள்.

சம்பள வேலையில் இருந்து வந்தவர்களைத் திகைக்கவைப்பது சுயதொழில் வரி. ஆண்டு நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே, வருமான வரிக்கு மேலாக 15.3 விழுக்காடு சமூகப் பாதுகாப்புக்கும் மருத்துவக் காப்புக்கும் செலுத்த வேண்டும். ஏப்ரல், சூன், செப்டம்பர், சனவரி மாதங்களின் 15-ஆம் தேதி தவணை கட்டுங்கள். முதலாண்டு லாபத்தையெல்லாம் சரக்கில் போட்டுவிட்டு, ஏப்ரலில் வரி கட்டுவதற்காக வளையலைக் கழற்றிய பெண்கள் உண்டு.

ஆறாம் படி: வட்டியில்லாமலும் கடன் கிடைக்கும்

வட்டி கொடுப்பதும் வாங்குவதும் விலக்கப்பட்டது என்று நம்பும் பெண்கள், வங்கிக் கடன் வேண்டாம் என்று பல ஆண்டுகள் தொழிலைச் சிறிதாகவே வைத்திருந்தார்கள். இந்தத் தடையை உணர்ந்து, உசேன் சமதார் நிறுவிய மினசோட்டா ஆப்பிரிக்க வளர்ச்சி மையம், லாப அடிப்படையிலான நிதியுதவியை ஏற்படுத்தியது. மினியாபொலிஸ் நகராட்சியும் தன் இரண்டு விழுக்காட்டுக் கடன் திட்டத்துக்கு இணையாக வட்டியில்லாத வடிவம் ஒன்றைச் சேர்த்தது. இதன் முறை முராபஹா எனப்படும். உங்களுக்கு 20,000 டாலர் மதிப்புள்ள குளிர்பதனப் பெட்டி வேண்டுமென்றால், கடன் தருபவர் அதைத் தாமே வாங்கி, இருவரும் ஒப்புக்கொண்ட கூடுதல் விலைக்கு, சான்றாக 22,000 டாலருக்கு, உங்களிடம் தவணையில் விற்பார். அந்த விலை பிறகு கூடுவதில்லை. வட்டி பற்றிய தயக்கம் இல்லாதவர்களும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறோம் என்று முதல் நாளே தெரிந்திருப்பது சிறு வணிகருக்குப் பெரிய நிம்மதி.

கடன் கேட்கும் முன் பயிற்சிக்குப் போங்கள். செயின்ட் பாலில் உள்ள நெய்பர்ஹுட் டெவலப்மென்ட் சென்டர் 1993 முதல் குடியேறியோர் வாழும் பகுதிகளுக்கே வந்து தொழில் திட்டம் எழுதக் கற்றுத்தருகிறது. லேக் தெருவில் பழைய சியர்ஸ் கட்டடத்தில் 2006-இல் திறந்த மிட்டவுன் குளோபல் மார்க்கெட்டை உருவாக்கியோரில் அதுவும் ஒன்று. பெண்களுக்கெனவே 1978-இல் தொடங்கிய விமன்வென்ச்சரும் இருக்கிறது. பயிற்சி முடித்தவரின் விண்ணப்பத்தைக் கடன் குழு வேறு கண்ணோடு பார்க்கும்.

ஏழாம் படி: கடை வாடகையும் காப்பீடும்

வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. வாடகைக்கு மேல் பொதுவிடப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, ஆண்டுதோறும் எவ்வளவு கூடும், நடுவில் விட்டுச் செல்ல முடியுமா, வேறொருவருக்குக் கைமாற்றித் தரலாமா, வெப்பமூட்டி யார் பொறுப்பு என்று கேளுங்கள். எல்.எல்.சி. வைத்திருந்தாலும் உங்களைத் தனிப்பட்ட பிணையாகக் கையெழுத்திடச் சொல்வார்கள். இட்டால் அந்தப் பாதுகாப்பு அவ்வளவில் போய்விடும். முன்பணத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் தவித்த பெண் ஒருவருக்காக நான் மொழிபெயர்க்கச் சென்றிருக்கிறேன். நம்மவர்தானே, ரசீது கேட்டால் மனம் நோகும் என்று எண்ணியதாக அவர் சொன்னார். காசோலை கொடுங்கள், கேட்காமலே ரசீது ஆகிவிடும்.

இடத்தை எடுக்கும் முன் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின்னும், சனி ஞாயிறு மாலையிலும், சனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையிலும் அங்கே ஒரு மணி நேரம் நின்று போவோர் வருவோரை எண்ணுங்கள். பெருநாள் வாரத்தில் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டவர்கள் குளிர்காலத்தில் வருந்தினார்கள்.

2020 மே மாதம் ஜார்ஜ் பிளாய்டு என்னும் கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்ட பின் எழுந்த கொந்தளிப்பில், மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களில் சுமார் 1,500 கட்டடங்கள் சேதமுற்றன. லேக் தெருவில் குடியேறியோரின் கடைகள் பல எரிந்தன. காப்பீடு இல்லாதவர்களும், போதாத காப்பீடு வைத்திருந்தவர்களும் எல்லாவற்றையும் இழந்தார்கள். கட்டட உரிமையாளரின் காப்பீடு உங்கள் சரக்கைக் காக்காது. சரக்குக்கும், வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் வரும் பொறுப்புக்கும், கடை மூடியிருக்கும் நாட்களின் வருமான இழப்புக்கும் தனித்தனியே காப்பீடு கேளுங்கள். சரக்கைக் கைப்பேசியில் படம் பிடித்து மாதம் ஒரு முறை வேறொருவருக்கு அனுப்பி வைத்திருங்கள்.

எட்டாம் படி: கணக்கை அன்றன்றே எழுதுங்கள்

வீட்டுப் பணம், கடைப் பணம், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகிய மூன்றும் மூன்று இடங்களில் இருக்க வேண்டும். சோமாலியக் குடும்பங்களில் மாதந்தோறும் ஹவாலா எனப்படும் பணம் அனுப்பும் நிறுவனம் வழியாக உறவினருக்குப் பணம் அனுப்பாத வீடு அரிது. மறுக்க முடியாத கடமை அது. ஆகவே உங்களுக்கென ஒரு சம்பளத்தை மாதந்தோறும் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து அனுப்புங்கள். கல்லாவிலிருந்து நேரே அனுப்பினால், கடை லாபத்தில் ஓடுகிறதா நட்டத்தில் ஓடுகிறதா என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

கணக்கு இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். குழந்தைகளுக்கு உணவளிக்கும் அரசுத் திட்டத்தில் சுமார் 25 கோடி டாலர் மோசடி நடந்ததாக 2022 செப்டம்பரில் மினசோட்டாவில் வழக்குத் தொடரப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் சோமாலிய வம்சாவளியினர் பலர் இருந்ததால், எந்தத் தொடர்பும் இல்லாத சிறு கடைக்காரப் பெண்கள்மீதும் சந்தேகப் பார்வை விழுந்தது. அது அநீதி. அந்த அநீதியின் முன் அவர்களுக்குத் துணை நின்றது ரசீதுகளும் வங்கிக் கணக்கும்தான். உங்கள் பெயரை உரிமையாளராகப் போட்டுக்கொள்கிறேன், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, மாதம் ஒரு தொகை வரும் என்று யார் கேட்டாலும், கேட்பவர் உடன்பிறந்தவராகவே இருந்தாலும், மறுத்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: வட்டத்தின் தேவையே உங்கள் அடுத்த சரக்கு

சீடர்-ரிவர்சைடில் சிறுமிகள் விளையாட இடமில்லை என்று கண்ட ஃபாத்திமா உசேன் என்பவர், பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உடற்பயிற்சிக் கூடத்தைத் திறந்துவைக்கும் நேரத்தைக் கேட்டு வாங்கினார். விளையாட வந்த பிள்ளைகள் முக்காடு நழுவுகிறது, நீள அங்கி காலில் தட்டுகிறது என்றார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறையினரோடு அப்பிள்ளைகளே அமர்ந்து தங்கள் கூடைப்பந்துச் சீருடையை வடிவமைத்தனர். அதிலிருந்து பிறந்தது ஆசியா என்னும் விளையாட்டு உடை நிறுவனம். சோமாலிய மொழியில் அம்மா என்று பொருள்படும் ஹோயோ என்ற பெயரில், தாய்மார்களின் கைகளால் மடித்த சம்பூசாவை உறையவைத்து மளிகைக் கடைகளுக்கு விற்கும் நிறுவனமும் இதே நகரில் உருவானது. இரண்டிலும் சரக்கு என்ன என்பதைத் தொழில் நூல்கள் சொல்லித் தரவில்லை. ஒரு வட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மற்றவர்கள் குறைப்பட்டுக்கொண்டதைக் காதில் வாங்கினார்கள்.

ஆகவே கடை திறந்தபின்னும் வட்டத்துக்குச் செல்வதை நிறுத்தாதீர்கள். வியாபாரம் பெருகும்போது முதலில் விட்டுப்போவது அதுதான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலைக் குறித்துவைத்து, கடையை மகளிடமோ கூட்டாளியிடமோ விட்டுவிட்டுப் போங்கள். அங்கே புதிதாக வந்து மூலையில் அமர்ந்திருக்கும் பெண்ணின் பக்கத்தில் உட்காருங்கள். அவருடைய வேலை அனுமதித் தாள் சரியாக இருக்கிறதா என்று கேட்டு, அடுத்த சீட்டின் பிற்பகுதியில் அவருக்கு ஓர் இடம் எழுதிவையுங்கள்.